நாலு சுற்றும் ஒரு குடமும்

சங்கரன்கோவிலில் பெண்களுக்கென்று ஒரு மாடியில் ஜிம் திறந்தபோது ஓடிப்போய் முதல் ஆளாகச் சேர்ந்தவள் நான். மூன்று மாதத்துக்குச் சேர்ந்தேன், பதினோரு நாள் போனேன். அதற்கு முந்தைய வருஷம் திருநெல்வேலியில் வாங்கிய ஷூ அப்படியே பெட்டியில் இருக்கிறது. யூடியூபைப் பார்த்து யோகா செய்ய வாங்கிய பாயில், மொட்டை மாடியில் மிளகாய் வத்தல் காய்கிறது. ஒன்றை ஆரம்பிப்பதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. ஆரம்பிக்கிற அன்று நான் போடுகிற ஆட்டத்தைப் பார்த்தால், இவள் நாளைக்கே ஓட்டப்பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவாள் என்று தோன்றும். நாலாம் நாள் தலைவலி வந்துவிடும்.

அப்படிப்பட்ட நான் இப்போது சில வருஷங்களாகக் காலையில் நடக்கிறேன். விட்ட நாட்கள் உண்டு. ஆனால் விட்ட மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்பப் போய்விடுகிறேன். சர்க்கரை ஒரு கட்டுக்குள் நிற்கிறது. நூல் கடையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள், "உனக்கு மட்டும் எப்படி முடியுது?" என்று கேட்கிறார்கள். அப்போதெல்லாம் எங்கள் வளவில் மூன்றாவது வீட்டிலிருந்த அக்கா ஞாபகத்துக்கு வருவாள். பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "என்னைப் பத்தி எழுத என்னட்டி இருக்கு?" என்று போனில் சண்டைக்கு வருவாள். இப்போது மகளோடு திருப்பூரில் இருக்கிறாள். அங்கே மகள் வீட்டு மாடிப்படியை தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிறாளாம். ஐந்தாவது தடவை ஏறச் சொல்லி யார் சொன்னாலும் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வளவு என்றால் ஒரே தலைவாசலுக்குள் எதிரும் புதிருமாக ஐந்து வீடு, நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய். பின்பக்கம் முழுக்க விசைத்தறிச் சத்தம். புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் கத்திப் பேசுவார்கள், மூன்றாம் நாளிலிருந்து அந்தச் சத்தம் காதில் விழாது. அக்காவின் வீட்டுக்காரர் அந்தத் தறிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். நல்ல ஆகிருதி. பாவு நூல் சுற்றிய இரும்பு உருளையைத் தறிக்காரர்கள் பீம் என்பார்கள். இரண்டு பேர் தூக்குகிற பீமை அண்ணாச்சி ஒரே ஆளாகத் தூக்கித் தறியில் பொருத்துவார் என்று ஊரில் பேச்சு உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் ஒருநாள் தறிக்கொட்டகையிலேயே விழுந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் போய்விட்டன. பேச்சு கொஞ்சம் குழறியது, புத்தி தெளிவாக இருந்தது.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அதுவரை உடற்பயிற்சி என்ற சொல்லை வாயால் உச்சரித்திருப்பாளா என்பது சந்தேகம்.

நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தபோது அவளுடைய கணக்கு இப்படி இருந்தது. விடிய கோவில் நடை திறந்ததும் போவாள். பிரகாரத்தை நாலு சுற்று சுற்றுவாள். வந்து அண்ணாச்சி எழுந்திருப்பதற்குள் சமையல்கட்டில் ஒரு மர நாற்காலியைச் சுவரோடு போட்டு, தண்ணீர்க் குடத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பாள். இருபது தடவை. எண்ணுவது என் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல் வழியாகக் கேட்கும். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அதோடு குடத்தை இறக்கி, அதே தண்ணீரில் உலை வைத்துவிடுவாள்.

ஒருநாள் ஜன்னல் வழியாகவே கேட்டேன். "அக்கா, மூச்சுகூட வாங்கல ஒங்களுக்கு. இன்னும் பத்து செய்யலாம்லா?"

"செய்யலாந்தான். அப்புறம் அவுகள யாரு தூக்குவா? ஒங்க ஜிம்காரி வருவாளா?"

அதுதான் விஷயம். அண்ணாச்சியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூஸுக்கு, மறுபடி நாற்காலிக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை மாற்ற வேண்டும். ஒரே பக்கம் படுத்தே கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். அக்கா செய்த நடையும் குடமும் அந்த ஏழெட்டுத் தடவைக்காக. உடம்பு இளைக்க வேண்டும், இளமையாகத் தெரிய வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு ஒரு ஆசையும் இருந்ததில்லை.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அண்ணாச்சி விழுந்த வருஷம் ஆடியில் நடந்ததைப் பார்த்தபிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் ஊருக்கு ஆடித்தபசு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள். கொடி ஏறிய நாளிலிருந்து சனங்கள் கோவிலைச் சுற்றுவார்கள். நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று அவரவர் நேர்ச்சைப்படி. ஆடிச்சுற்று என்று பேர். நாம் சுற்றச் சுற்ற அம்மனின் கால்வலியில் கொஞ்சம் நமக்கு வந்துவிடும், அவளுக்கு அந்த அளவு குறையும் என்று நம்பிக்கை. அக்கா ஐந்நூற்றொன்று நேர்ந்துகொண்டாள். மடியில் புளியங்கொட்டையை முடிந்துகொண்டு, ஒரு சுற்றுக்கு ஒன்றாக எடுத்து மறுபக்க முடிச்சில் போட்டு எண்ணினாள். அண்ணாச்சி தூங்குகிற நேரமெல்லாம் கோவில். மூன்றாம் நாள் இருநூறைத் தாண்டிவிட்டாள். பாதம் கொப்பளித்து, முட்டி வீங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலை அண்ணாச்சியைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

எட்டு நாள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. அண்ணாச்சியின் தம்பியும் இரண்டாம் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் முறை வைத்து வந்து தூக்கினார்கள். நல்ல மனுஷர்கள்தான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் தூக்கும்போது அவர் தலைக்கு மேலே, "ஏலே, அந்தப் பக்கம் பிடி", "வேட்டி அவுருது பாரு" என்று பேசிக்கொள்வார்கள். நேற்று மழை பெய்ததா என்று விசாரித்துக்கொள்வார்கள். கக்கூஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்து நிற்பார்கள். முற்றத்தில் குழாயடியில் நாங்கள் பெண்கள் நிற்போம். பீமைத் தனியாளாகத் தூக்கிய மனுஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நான் கஞ்சி கொண்டு போனேன். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் செம்பில் தண்ணீர் நிறைய அப்படியே இருந்தது.

"தண்ணி குடிக்கலையா அண்ணாச்சி?"

"வேண்டாம் தாயி."

"நாக்கு வறண்டு போயிருக்கே?"

குழறலாகத்தான் சொன்னார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. "உள்ள போனா வெளிய வரணும்லா. எவனாவது வந்து தூக்கணும்லா."

பக்கத்து அறையில் பாயில் கிடந்த அக்காவுக்கும் அது கேட்டது. அன்றைக்கு அவள் அழுத அழுகையைக் கேட்க முடியவில்லை. வலியில் அழுகிறாள் என்று தம்பி மாத்திரை வாங்க ஓடினார்.

இடுப்பு சரியான பிறகு அக்கா வேறு ஆளாகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு தெரபிப் பெண் இருந்தாள், மிஞ்சிப் போனால் இருபத்தைந்து வயது. அவளிடம் போய், "ஏம்மா, ஒரு ஆளைத் தூக்குததுக்கு எனக்குப் பலம் வரணும். என்ன செய்யணும்?" என்று நேராகக் கேட்டாளாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிற வித்தையை அவள்தான் சொல்லிக்கொடுத்தது. குடம் அக்காவின் சொந்த யோசனை. முதல் வாரம் காலிக் குடம். பிறகு கால் குடம். நிறைகுடத்துக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. அவசரமே படவில்லை. ஆடியில் பட்ட அடி அப்படி.

எப்படித் தூக்குவது என்பதை அண்ணாச்சியே சொல்லிக்கொடுத்தார். தறிக்கொட்டகை வித்தை. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி வலது கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்.

"ஏளா, கையால தூக்காத. பீமுக்குக் கைய நம்புனவன் செத்தான். வயித்தோட சேத்துப் பிடி. முட்டிய மடக்கு. முதல்ல பாதம் திரும்பணும், அப்புறந்தான் இடுப்பு."

"பீமு பேசாது. நீங்க பேசிக்கிட்டே இருக்கீக" என்பாள் அக்கா.

மிச்சமிருந்த ஆடிச்சுற்று என்ன ஆயிற்று என்று முதல் வீட்டுப் பெரியம்மை ஒருநாள் குழாயடியில் வைத்துக் கேட்டாள். வளவில் எல்லா நேர்ச்சைகளுக்கும் அவள்தான் கண்காணிப்பாளர்.

"தினம் நாலு நாலாச் சுத்தி முடிச்சிருதேன்னு அம்மன்ட்ட சொல்லிட்டேன் பெரியம்மை."

"ஆடி முடிஞ்சு சுத்துனா அது ஆடிச்சுத்தாளா? சாமி குத்தம்."

"அவ தவம் பண்ணுதவ, ஒத்தக் கால்ல நிக்கலாம். எனக்கு ரெண்டு காலும் வேணும்லா பெரியம்மை."

பெரியம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஐந்நூற்றொன்று எப்போதோ முடிந்துபோயிருக்க வேண்டும். அவள் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு நாலு சுற்றை மட்டும் வைத்துக்கொண்டாள்.

எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்திய அன்று, நானும் வருகிறேன் என்று அக்காவிடம் போய் நின்றேன். வா என்றாள். முதல் நாளே என் புத்தியைக் காட்டினேன். அவள் நாலு சுற்று முடித்து ஒரு தூணோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் வேகம் தாங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு. வந்து மூச்சு வாங்க நின்றபோது ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன்.

"நல்லாத்தான் சுத்துத. நாளைக்கு வருவியா?"

"வராம என்னக்கா?"

மறுநாள் நான் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இருந்தது. அடுத்து ஒரு கல்யாணம், அடுத்து மாதவிலக்கு, அடுத்து சும்மா. அக்கா ஒருநாள்கூட என் கதவைத் தட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். பக்கத்து வீட்டுக்காரி, ஒரு குரல் கொடுத்தால் என்ன குறைந்தா போகும்? பத்தாம் நாள் வெட்கத்தை விட்டு நானாகக் கிளம்பிப் போனேன். ஏன் வரவில்லை என்று கேட்பாள், சொல்வதற்கு மூன்று காரணம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

"வா. இன்னைக்கு ரெண்டு சுத்து போதும் ஒனக்கு" என்றாள்.

இரண்டாவது சுற்றில் நானே சொன்னேன். "எழுப்பி விட்டுருக்கலாம்லாக்கா. மனசே வரல எனக்கு."

"மனசு வரலன்னா அத வீட்லயே படுக்கப் போட்டுட்டு ஒடம்ப மட்டும் கூட்டிட்டு வாட்டி. எனக்கு மட்டும் தினம் மனசு வருதுன்னா நினைக்க? பாதி நாளு திட்டிக்கிட்டேதான் வாரேன்."

யாரைத் திட்டுவாள் என்று கேட்டேன். அம்மனை, அண்ணாச்சியை, தெரபிப் பெண்ணை, மழையை, கோவில் வாசலில் படுத்திருக்கிற நாயை என்று பெரிய பட்டியல் சொன்னாள். எனக்கு ஒரு நிம்மதி. அவளுக்கு ஏதோ தனி வைராக்கியம் இருக்கிறது, நமக்கு அது இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் முனகிக்கொண்டுதான் வருகிறாள். என் போன் தினமும் காலையில், உன்னால் முடியும், சாதித்துக் காட்டு என்று ஆங்கிலத்தில் ஏதாவது அனுப்பும். அன்றைக்கு அதை நிறுத்தினேன்.

அவளுக்கு ஒரு தடவை சிக்குன்குனியா வந்தது. கை விரலை மடக்க முடியவில்லை. அப்போதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை எழுந்தாள். குடம் இல்லை. "ஒண்ணு" என்று எண்ணினாள். அதோடு போய்ப் படுத்துவிட்டாள். அதுதான் அன்றைய கணக்கு. அந்த நாட்களில் அண்ணாச்சியைத் தூக்க என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் போய் வாயைத் திறக்காமல் தூக்கிவிட்டு வந்தார். நான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

திருப்பூர் மகள் ஒரு தீபாவளிக்கு அம்மாவுக்குக் கைக்கடிகாரம் ஒன்று வாங்கி வந்தாள். அடி எண்ணும், இதயத் துடிப்பு பார்க்கும், ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் எழுந்திரு என்று துடிக்கும். அக்கா இரண்டு நாள் கட்டினாள். "கஞ்சி குடிக்க உக்காந்தாலும் எந்திரிங்குது, இதென்ன மாமியாரா?" என்று கழற்றி அண்ணாச்சியின் கையில் கட்டிவிட்டாள். அது விளங்காத இடது கை. மறுநாள் நான் போனபோது அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"தாயி, கண்ணாடி இல்ல. என்ன போட்டுருக்குன்னு பாரு."

பார்த்தேன். "இருபத்தாறு அடி அண்ணாச்சி."

"நான் நடந்தது!" என்று சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிய சிரிப்பு. அக்கா அவரைத் தூக்கித் திருப்பி உட்கார வைக்கிறபோதெல்லாம் அந்தக் கடிகாரம் அதை அவர் நடந்ததாக எழுதிக்கொண்டிருந்தது.

"ஆமா, நடந்து கிழிச்சீக. தூக்குதது நானு, கணக்கு ஒங்க பேர்ல" என்றாள் அக்கா.

"அவ சொல்லுதது சரிதான் தாயி. நான் மூட்டை. மூட்டைக்கு என்ன கணக்கு?" என்றார் அவர். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் வேறெங்கோ போய்விட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் கடிகாரத்தைக் கேலி செய்யவில்லை. அவரும் தினம் சாயந்திரம் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார்.

எல்லாருக்கும் அவளைப் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். மகள் பிள்ளை உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு அம்மா திருப்பூர் வர வேண்டும், ஒரே ஒரு மாதம் அப்பாவுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினாள். அக்கா முடியாது என்றுவிட்டாள். வேண்டுமானால் நீ இங்கே வா என்றாள். மகள் வரவில்லை, மாமியார் பார்த்துக்கொண்டார். அடுத்து ஒரு வருஷம் மகள் சரியாகப் போன் பேசவில்லை. பேத்தியின் முகத்தை அக்கா போனில்தான் முதலில் பார்த்தாள். இப்படியும் ஒரு பிடிவாதமா என்று எனக்கே அவள்மேல் வருத்தம். ஒருநாள் பிரகாரத்தில் கேட்டேவிட்டேன்.

"பெத்த பிள்ளைக்காக ஒரு மாசம் போகக்கூடாதாக்கா?"

அவள் நடையை நிறுத்தவில்லை. "அவளுக்கு மாமியா இருக்கா, புருஷன் இருக்கான், பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. நான் போனா இவுக தண்ணி குடிக்க மாட்டாகட்டி."

மிச்சச் சுற்றை அவளோடு நடந்து முடித்தேன்.

அப்படி ஐந்து வருஷம். ஒரு படுக்கைப்புண் வரவில்லை அண்ணாச்சிக்கு. ஆஸ்பத்திரியில் நர்சுகள் ஆச்சரியப்பட்டார்கள் என்று தம்பி வந்து சொன்னார். அக்காவின் தோள் கொஞ்சம் அகன்றுவிட்டது. பழைய ஜாக்கெட்டுகளை எல்லாம் பிரித்துத் தைத்தாள். ஐந்தாம் வருஷம் மார்கழியில் அண்ணாச்சிக்குச் சளி பிடித்தது. மூன்று நாள் மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் விடிகிற நேரத்தில், அக்கா கோவிலுக்குக் கிளம்பிப் பார்த்தபோது மூச்சு இல்லை. அவள் முற்றத்தைக் கடந்து வந்து என் கதவைத் தட்டினாள். அத்தனை வருஷத்தில் அவள் என் கதவைத் தட்டியது அன்று ஒரு தடவைதான்.

வளவே கூடிவிட்டது. அண்ணாச்சியின் தம்பி வந்தார். உயிர் போன உடம்பைக் கட்டிலில் விடக்கூடாது, விறைப்பதற்குள் இறக்கி, பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், பெஞ்சில் தெற்கே தலைவைத்துக் கிடத்த வேண்டும் என்று பெரியம்மை சொன்னாள். தம்பியும் இரண்டாம் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் உள்ளே போனார்கள்.

அது சின்ன அறை. ஒரு காலத்தில் தறி சாமான் போட்டு வைத்திருந்தது. கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும், இந்தப் பக்கம் சக்கர நாற்காலி நிற்கும். நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். மூன்று பேர் உள்ளே போனதும் யாராலும் குனிய முடியவில்லை. தம்பி கட்டில்மேல் ஏறி அக்குளில் கை கொடுத்து இழுத்தார். கால் பக்கம் நின்றவருக்குப் பிடி கிடைக்கவில்லை. "ஏலே, மெல்ல", "இந்தப் பக்கம் வாரும்வே", "வேட்டி, வேட்டி" என்று சத்தம். உடம்பு சரிந்தது. தலை சுவரில் மோதிய சத்தம் வெளியே இருந்த எங்களுக்குக் கேட்டது.

பெண்களோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள்.

"ஏளா, நீ போகப்படாது. ஆம்பளைக பாத்துக்கிடுவாக" என்று பெரியம்மை முந்தானையைப் பிடித்தாள். அக்கா விடுவித்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

"வெளிய வாங்க."

"மதினி, நாங்க..." என்று தம்பி ஆரம்பித்தார்.

"வெளிய வாங்கய்யா எல்லாரும்."

வந்துவிட்டார்கள். அவள் உள்ளே போனாள். நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முதலில் வேட்டியைச் சரி செய்தாள். இரண்டு காலையும் தரையில் இறக்கி, அவர் முட்டிக்கு எதிரே தன் முட்டியை வைத்தாள். முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையைக் கோர்த்து, வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். தூக்கினாள்.

உடம்பு கிளம்பவில்லை.

அவளால் முடியாமல் போய் நான் பார்த்ததில்லை. தம்பி ஓரடி முன்னால் வைத்தார். அவள் அவர் பக்கம் திரும்பாமலே தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அப்படியே அணைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து, அடிவயிற்றிலிருந்து. அண்ணாச்சி எழுந்துவிட்டார். அவள் பாதம் திரும்பியது, இடுப்பு திரும்பியது, நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். சரியாமல் தோளைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீங்க கொண்டு போங்க" என்று ஆண்களைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் நாற்காலியோடு பட்டாலைக்குக் கொண்டுபோய், ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சில் கிடத்தினார்கள்.

அக்கா வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். நான் பிடித்துக்கொண்டேன். அழுகை இல்லை. ஏதோ கணக்குத் தப்பிவிட்டதுபோல எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என்ன கனம்ட்டி இன்னைக்கு."

"பேசாம இருங்கக்கா."

"இல்லட்டி. இத்தன வருஷமும் நான் ஒத்தையில தூக்குதேன்னுல்லா நினைச்சுக்கிட்டிருந்தேன். அவுகளும் கூடச் சேந்துதான் தூக்கியிருக்காக."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.